லயத்துக்கு வந்த குதிரை

எனக்குக் குதிரை பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குதிரையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறாள், குதிரைமேல் கொள்ளை ஆசை போலிருக்கிறது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சின்ன வயதில் ஒவ்வொரு வருஷமும் என்னைக் குதிரையில் தூக்கி வைத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் அழுதேன். அழுத முகத்தோடு எடுத்த போட்டோக்கள் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவற்றைக் காட்டிச் சிரிப்பது என் தங்கச்சிக்கு ஒரு பொழுதுபோக்கு.

டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பரா அறைகளில் ஒன்றுதான் எங்கள் வீடு. அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அம்மா மலையில் கொழுந்து எடுத்தாள். அண்ணன், நான், தங்கச்சி என்று பிள்ளைகள் மூன்று பேர். சித்திரை வருஷப்பிறப்புக்கு மற்ற வீட்டுக்காரர்கள் கோயிலுக்குப் போவார்கள், சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள், கையில் கொஞ்சம் வசதி இருந்தால் வேன் பிடித்துக் கதிர்காமம் போவார்கள். எங்கள் வீட்டில் குதிரை. வருஷம் பிறந்த கையோடு நுவரெலியாவுக்குப் போவோம். அங்கே சீசன் களைகட்டியிருக்கும். வாவிக் கரையில் ஆளுக்கு ஒரு சுற்று குதிரைச் சவாரி. பிறகு கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றையும் அவித்த முட்டையையும் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, குளிரில் பல் கிட்டித்துப்போய் பஸ்ஸில் திரும்பி வருவோம். இதுதான் எங்கள் குடும்பத்துச் சுற்றுலா. வேறு ஊர் எதற்கும் எங்களை அப்பா கூட்டிப் போனதில்லை.

ஏன் குதிரை என்று கேட்டால் அப்பாவுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சீசனில் ரேஸ் கோர்ஸ் கம்பி வேலிக்கு வெளியே நின்று குதிரை ஓடுவதைப் பார்த்தாராம். அவ்வளவுதான். அவர் ஏறவும் மாட்டார். பிள்ளைகள்தான் ஏற வேண்டும். அவர் பக்கத்திலேயே எங்கள் காலைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். "முதுக நிமித்தி ஒக்காரு. தொரை மாதிரி ஒக்காரு" என்று சத்தம் போடுவார். நான் குதிரையின் பிடரியைக் கட்டிக்கொண்டு அழுவேன். அம்மா எல்லாருடைய செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு வருஷம் குதிரை சாணம் போட்டது என் புதுச் சட்டையின் விளிம்பில் பட்டுவிட்டது. அந்த ஏப்ரல் முழுவதும் நான் அப்பாவோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

நாங்கள் வளர்ந்த பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை. அண்ணன் சாதாரணதரப் பரீட்சை முடிந்த கையோடு கொழும்புக்குப் போய்விட்டான். புறக்கோட்டையில் ஒரு துணி மொத்த வியாபாரக் கடையில் நிற்கிறான். தங்கச்சி கல்யாணம் முடித்து வத்தளையில் இருக்கிறாள். நான் ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன், அங்கேயே தங்கியிருக்கிறேன். தீபாவளிக்குத் துணிக்கடைக்காரனுக்கு ஏது லீவு? அதுதான் எங்களுக்கு முதுகு முறிகிற காலம். ஆனால் சித்திரைக்கு நாடே கடையைச் சாத்திவிடும். அதனால் ஏப்ரலில் எல்லாரும் வந்து சேருவோம். அண்ணன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வருவான். தங்கச்சி புருஷனோடும் மகனோடும் வருவாள். குதிரைச் சவாரிக்குப் போவோம். பிள்ளைகள் ஏறுவார்கள், அப்பா பக்கத்தில் நடப்பார். குதிரையைச் சாக்காக வைத்துத்தான் எங்கள் வீடு வருஷத்துக்கு ஒரு தடவை வீடாக இருந்தது. அது எனக்கு அப்போது புரியவில்லை. நான் குதிரை நாற்றத்தைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கொரோனா வந்தது. அந்த வருஷம் யாரும் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. அதற்கடுத்த வருஷம் பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்குக் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். யார் குதிரையை நினைத்தார்கள்? அதெல்லாம் ஒருவாறு அடங்கிப் பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் அவர்கள் வரவில்லை. அண்ணனுக்குக் கடையில் வேலை. தங்கச்சிக்கு மாமியார் வீட்டில் விசேஷம். ஒரு வழக்கம் மூன்று வருஷம் விட்டுப்போனால் அதன்பிறகு அதைத் தொடங்குவதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. வராமல் இருப்பதற்குக் காரணமே வேண்டியதில்லை. அப்பா ஒவ்வொரு வருஷமும் சித்திரைக்கு முன்னால் போன் எடுத்து, "என்னா, குதிரைக்குப் போவோமா?" என்று கேட்பார். "பாப்போம்பா" என்பார்கள். பார்த்ததாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஸ்டோர் சத்தம் காதில் கேட்டே பழகியவர், சும்மா இருக்க முடியாமல் லயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒருநாள் கண்ணாடி போடுவதற்காக நுவரெலியாவுக்குப் போனார். கண்ணாடிக் கடையில் காத்திருக்கச் சொன்னார்களாம். வாவிப் பக்கம் நடந்திருக்கிறார். அங்கே எங்கள் குதிரைக்காரரைப் பார்த்திருக்கிறார்.

அவர் சிங்களவர். அப்பாவுக்குப் பல வருஷப் பழக்கம். அவருடைய குதிரைகளில் சாம்பல் நிறப் பெட்டை ஒன்றில்தான் கடைசி வருஷங்களில் நாங்கள் ஏறினோம். அண்ணன் மகள் முதன்முதலாக ஏறியதும் அதில்தான். அந்தக் குதிரைக்கு இப்போது ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. பின்னங்காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தது. வெளிநாட்டுக்காரர்கள் அதில் ஏற மாட்டார்கள். சும்மா வைத்துத் தீனி போட அவரால் ஏலாது. அவிழ்த்து விட்டுவிடப் போவதாகச் சொல்லியிருக்கிறார். நுவரெலியாவில் அப்படி விடப்பட்ட குதிரைகளை நானே பார்த்திருக்கிறேன். குப்பை கிளறும். சொப்பிங் பையைத் தின்னும். பனிமூட்டத்தில் நடு ரோட்டில் நிற்கும். ஏதாவது ஒரு வாகனம் அதன் கதையை முடித்துவிடும்.

"எனக்குக் குடுங்க" என்று அப்பா கேட்டிருக்கிறார். அந்த மனுஷர் முதலில் நம்பவில்லையாம். பிறகு கயிற்றைக் கையில் கொடுத்திருக்கிறார்.

அன்று பின்னேரம் நான் கடையில் கலைந்து கிடந்த சேலைகளை மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"புள்ள, குதிர வந்திருச்சு."

"எந்தக் குதிரைப்பா?"

"நம்ம குதிரதாம்மா. மரக்கறி லொறியில ஏத்தியாந்துட்டேன்."

நான் சேலையைக் கீழே போட்டுவிட்டேன். முதலாளி முறைத்தார்.

பௌர்ணமிக்கு வரும் போயா லீவுக்கு வீட்டுக்குப் போனேன். எங்கள் பழைய மாட்டுப்பட்டியில் குதிரை நின்றுகொண்டிருந்தது. மாடு விற்று ரொம்ப நாளாகியிருந்த அந்தப் பட்டியில் அதன் தலை கூரைத் தகரத்தை இடித்தது. அதனால் அப்பா முன்பக்கத் தகரத்தைக் கழற்றி உயர்த்திக் கட்டியிருந்தார். அம்மா என்னைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டாள்.

"மாடுன்னா பாலு குடுக்கும். சாணியாவது தோட்டத்துக்கு ஆகும். இது என்னாத்தக் குடுக்கும்? இந்த மனுசனுக்கு மூள கலங்கிப்போச்சு. நீயாவது கேளு."

நான் கேட்டேன். அப்பா கோபப்படவில்லை. புல்லை உதறிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "கொழும்புலருந்து நுவரெலியாவுக்குப் போயி, எல்லாருக்கும் சவாரிக்குக் குடுத்து, சாப்பிட்டு, திரும்பி வாறதுன்னா இப்ப என்னா செலவாகுது? அவங்க வாறதுக்கு யோசிக்கிறாங்க. குதிர வீட்டுலயே இருந்தா யோசிக்க மாட்டாங்க. பிள்ளைங்க அடம்புடிக்கும். வருவாங்க பாரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் குதிரையைக் கொண்டுவரவில்லை. அண்ணனையும் தங்கச்சியையும் கொண்டுவரப் பார்த்தார். விளங்கியதைக் காட்டிக்கொள்ளாமல், "நாத்தம் தாங்க முடியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

தோட்டத்தில் இது பெரிய பேச்சாகிவிட்டது. மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஒருநாள் பட்டியைப் பார்க்க வந்தார். "தொரைக்கே இப்ப குதிர இல்லய்யா. அவரு மோட்டார் சைக்கிள்ள போறாரு. ஒனக்கு எதுக்குக் குதிர?" என்று கேட்டார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "பேரப் பிள்ளைங்களுக்குங்க ஐயா" என்றார். தேயிலைக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். போகும்போது போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாராம்.

அப்பாவுக்கு மாடு தெரியும். எங்கள் தோட்டத்தில் மாடு வளர்த்தவர்களில் அவரும் ஒருவர். அதனால் குதிரையையும் மாட்டைப் போலத்தான் பார்த்தார். காலையில் கட்டுப் புல். மத்தியானம் சோறு வடித்த கஞ்சித் தண்ணீரில் உப்பும் புண்ணாக்கும் கரைத்து ஒரு வாளி. குதிரையும் மடமடவென்று குடித்தது. அவருக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. "அசைபோடவே மாட்டேங்குது, புள்ள. தின்னது செமிக்குதோ என்னமோ" என்று அடிக்கடி சொல்வார். இஞ்சியைத் தட்டிக் கஞ்சியில் போட்டுப் பார்த்தார். குதிரை அதையும் குடித்தது. அசைபோடவில்லை.

அண்ணன் மகளுக்கு எட்டு வயது. அப்பா வீடியோ கோல் எடுத்து அவளுக்குக் குதிரையைக் காட்டினார். அவள் போட்ட கூச்சல் அடுத்த காம்பராவுக்கும் கேட்டது. அதன்பிறகு அண்ணனால் சமாளிக்க முடியவில்லை. ஏப்ரல்வரை காத்திருக்க அவள் தயாராக இல்லை. பொங்கல் அந்த வருஷம் சனி ஞாயிறை ஒட்டி வந்தது. அண்ணன் லீவு கேட்டான். அண்ணன் வருகிறான் என்றதும் தங்கச்சியும் வருகிறேன் என்றாள். அப்பா லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். பக்கத்து வீடுகளில் போர்வை கேட்டு வாங்கினார். "வருவாங்கன்னு சொன்னேன்ல?" என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பார்.

அவர்கள் வந்தார்கள். நாலு வருஷமாக வராதவர்கள் எல்லாரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அன்று மழை தூறியது. பிள்ளைகள் பையைக்கூடக் கீழே வைக்காமல் பட்டிக்கு ஓடினார்கள். அடுத்த ரெண்டு நாளும் கோயிலுக்குப் போகும் ரோட்டில் குதிரை போவதும் வருவதுமாக இருந்தது. நோஞ்சான் குதிரை, பிள்ளைகளும் பூஞ்சை, அதனால் சுமந்தது. அப்பா பக்கத்திலேயே நடந்தார். அண்ணி முதலில் முகத்தைச் சுளித்தாள், பிறகு அவளும் போட்டோ எடுத்தாள். ஒரே காம்பராவில் பாய் விரித்து எல்லாரும் நெருக்கிப் படுத்தோம். அண்ணனின் குறட்டையைக் கேட்டு நானும் தங்கச்சியும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். நான் சந்தோஷமாக இருந்தேன். அந்தக் குதிரைமேல் எனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது.

மூன்றாவது நாள் மாட்டுப் பொங்கல்.

குதிரைக்காரர் கயிற்றைக் கொடுத்தபோது அப்பாவிடம் ஒன்று சொல்லியிருந்தார். புல் போட்டால் போதும், இதற்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று. அப்பா அதை எங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அந்த மனுஷருடைய பெருந்தன்மைக்கு அதை ஓர் உதாரணமாகச் சொல்வார். எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான் கேட்கும். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர்கள், "எங்க புள்ளைக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்துனா போதும்" என்பார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி, "ஒண்ணும் வேணாம், வெறும் பிளேன்டீ போதும்" என்பார். அதைக் கேட்டு யாராவது வெறும் பிளேன்டீயோடு விடுவார்களா? விட்டால் லயத்தில் தலைகாட்ட முடியுமா? நல்ல நாளும் அதுவுமாக, வீட்டுக்கு வந்த சீவனுக்கு வெறும் புல்லைப் போடுவது யார் மனதுக்கும் வராது.

காலையிலேயே குதிரையைக் குளிப்பாட்டினார்கள். நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். அம்மா செவ்வந்தி மாலை கட்டினாள். மாட்டுக்குக் கொம்பில் பூசுவதற்காக வைத்திருந்த சிவப்பு வர்ணம் வீட்டில் இருந்தது. கொம்பு இல்லாத குதிரைக்கு எங்கே பூசுவது என்று பிள்ளைகள் யோசித்து, குளம்பில் பூசினார்கள். பட்டிக்கு முன்னால் பொங்கல் பொங்கியது. எல்லாரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினோம். சூடு ஆறியதும் அப்பா வெல்லமும் நெய்யுமாக ஒரு பெரிய உருண்டை உருட்டி ஊட்டினார். குதிரை கண்ணை மூடிக்கொண்டு தின்றது. அம்மா ஊட்டினாள். அண்ணன் மகள் ஊட்டினாள். தங்கச்சி மகன் பயந்து பயந்து நீட்டினான். குதிரை அவன் உள்ளங்கையைத் துடைத்துவிட்ட மாதிரி நக்கியது. அவன் கூச்சத்தில் நெளிந்தான்.

அதோடு முடிந்திருந்தாலும் ஒருவேளை பிழைத்திருக்குமோ என்னவோ. ஆனால் லயமே வந்தது. எங்கள் தோட்டத்துக் காவல் சாமிக்கு வாகனம் குதிரைதான். ஒரு பொங்கல் நாளில் உயிரோடு ஒரு குதிரை மாலை போட்டுக்கொண்டு நிற்கும்போது யார் சும்மா இருப்பார்கள்? வீட்டுக்கு வீடு தட்டில் பொங்கல் வந்தது. ஒரு அக்கா வாழைப்பழச் சீப்பு கொண்டுவந்தாள். இன்னொரு வீட்டார் வடை கொண்டுவந்தார்கள். பக்கத்துக் காம்பராக் கிழவி குதிரையின் முகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஊட்டினாள். யாரையும் தடுக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. தடுக்க வேண்டும் என்று தெரியவும் இல்லை. கடைசியில் தட்டுகள் சேர்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரு வாளியில் கொட்டிக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து வைத்தார். வாளியின் அடிவரை குதிரை நக்கியது. அது என்ன கண்டது? ஆயுசு முழுக்கப் புல்லையும் தவிட்டையும் தின்ற குதிரை.

"போதுங்க, கண்ணு பட்டுறப் போகுது" என்றாள் அம்மா.

மத்தியானத்துக்குப் பிறகு குதிரை புல்லைத் தொடவில்லை. முன்னங்காலால் தரையைப் பறித்தது. தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. வேர்த்தது. அந்தக் குளிரில், அதன் கழுத்திலிருந்து வேர்வை சொட்டியது. அம்மா சொன்னபடியே கண்தான் பட்டுவிட்டது என்று நினைத்தோம். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் கமறவில்லை. "பாத்தியா, எம்புட்டுக் கண்ணு" என்றாள். வயிறு உப்பத் தொடங்கியதும் அப்பா மாட்டுக்குச் செய்கிற வைத்தியத்தைச் செய்தார். நல்லெண்ணெயில் பெருங்காயமும் ஓமமும் இஞ்சியும் அரைத்துக் கலந்து போத்தலில் ஊற்றி, அண்ணன் தலையைத் தூக்கிப் பிடிக்க, வாயின் ஓரத்தால் புகட்டினார். குதிரை இருமியது. மூக்கால் எண்ணெய் வந்தது. பிறகு திடீரென்று தரையில் விழுந்து புரண்டது. கால்கள் தகரத்தை உதைத்தன. அது கத்திய சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பிள்ளைகள் அலறினார்கள். அண்ணி அவர்களை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அண்ணன் யார் யாருக்கோ போன் பண்ணி மாட்டு டொக்டரின் நம்பரைப் பிடித்தான். பொங்கல் லீவில் அவர் ஊருக்குப் போயிருந்தார். போனிலேயே விசாரித்தார். அண்ணன் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் சொன்னார்:

"குதிரைக்கு மாட்டு வயிறு இல்லீங்க. அதுக்கு அசைபோட ஏலாது, ஏப்பம் விட ஏலாது, வாந்தி எடுக்கவும் ஏலாது. உள்ள போனது போனதுதான். இனி வாயில எதையும் ஊத்தாதீங்க. படுக்க விடாம நடத்துங்க. நான் காலையில முத பஸ்ல வாறேன்."

அப்பாவும் அண்ணனும் மாறி மாறி நடத்தினார்கள். பிள்ளைகளைச் சுமந்து போன அதே ரோட்டில்தான். டொக்டர் சொன்னபடியே விடிந்ததும் வந்தார். அதற்குள் குதிரை பட்டிக்கு வெளியே விழுந்துவிட்டது. ஊசி போட்டார், காதைத் தொட்டுப் பார்த்தார், ஈறைத் தூக்கிப் பார்த்தார். இனி இழுக்க வேண்டாம், வலி தெரியாமல் போகட்டும் என்று இன்னொரு ஊசி போட்டார். அப்பா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். குளம்பில் பூசிய சிவப்பு அப்படியே இருந்தது. செவ்வந்தி மாலை சேற்றில் கிடந்தது.

டொக்டர் யாரையும் திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டே, "தெரியாமத்தானே செஞ்சீங்க" என்றார். திட்டியிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணன் மகள் எப்படியோ வெளியே வந்துவிட்டாள். கொஞ்சத் தூரத்தில் நின்று பார்த்தாள். பிறகு அப்பாவிடம் வந்து, "நான் குடுத்த உருண்டையாலயா தாத்தா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அதுக்கு வயசாகிருச்சு. அதான்."

"அப்ப நீங்க குடுத்ததாலயா?"

அப்பா அவளைப் பார்த்தார். "ஆமாம்மா" என்றார். "தாத்தா குடுத்ததாலதான்." 

அவள் அழுதுகொண்டு ஓடினாள். பிள்ளை மனதில் பாரம் ஏறக் கூடாதென்று அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். லயத்தில் எத்தனை கை ஊட்டியது! ஊட்டியவர்கள் எல்லாரும் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பெரட்டுக்குப் போனார்கள். பொங்கல் முடிந்துவிட்டது, வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நேரத்துக்கு நிற்காவிட்டால் அன்றைய பேரும் சம்பளமும் போய்விடும். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

கண்டாக்கு ஐயா ஆற்றோரம் டர்பன்டைன் மரங்களுக்குக் கீழே இடம் காட்டினார். குதிரையைப் புதைப்பதென்றால் லேசான குழி போதாது. அண்ணன் பஸ் நேரம்வரை வெட்டினான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து பையைத் தூக்கினான். இன்னும் ஒருநாள் இருப்பதாகத்தான் வந்திருந்தார்கள். "பிள்ளைங்க ரொம்பப் பயந்துட்டாங்க மாமா. ராவெல்லாம் தூங்கல" என்று அண்ணி சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை. தங்கச்சியும் அவர்களோடேயே கிளம்பிவிட்டாள். அப்பா குழியிலிருந்து ஏறி ரோட்டுக்கு வந்தார். கை முழங்கைவரை மண். பிள்ளைகளின் உடுப்பில் பட்டுவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பஸ் வளைவில் திரும்பியதும் மறுபடியும் குழிக்கு இறங்கிப் போனார். நான் மண்வெட்டியை வாங்கப் போனேன். தரவில்லை.

அதன்பிறகு அப்பா குதிரையைப் பற்றிப் பேசவே இல்லை. பட்டிக்கு உயர்த்திக் கட்டிய தகரத்தை மட்டும் ஒருநாள் இறக்கிப் பழையபடி அடித்துவிட்டாராம். அம்மா போனில் சொன்னாள். "ராவுல எந்திரிச்சு ஒக்காந்துக்கிறாரு. கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு. நா வேற கண்ணு பட்டுறப் போகுதுன்னு சொல்லித் தொலச்சேன்" என்றாள். அவளுக்கு இன்னமும் அது கண்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. அப்பாவுக்கு அதுவும் இல்லை.

சித்திரை வந்தது. கடையைச் சாத்திய அன்றே நான் வீட்டுக்குப் போய்விட்டேன். அண்ணனும் தங்கச்சியும் வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வந்தாலும் வரலாம் என்று அம்மா பலகாரத்துக்கு அரிசி கூடுதலாகவே இடித்து வைத்திருந்தாள். நானும் வந்தாலும் வரலாம் என்றுதான் நினைத்தேன். வாசலில் பஸ் சத்தம் கேட்டால் ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி எட்டிப் பார்ப்போம். வருஷப்பிறப்புக்கு முந்தின நாள் காலையில் அப்பா போனை எடுத்தார். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அடுப்படியில் இருந்த எங்களுக்கும் எல்லாம் கேட்டது.

"தம்பி, இந்த வருசம் நீங்க அலைய வேணாம்" என்றார் அப்பா. அண்ணனை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். "பஸ்லயும் சனம். மழையும் பேயுது. பிள்ளைங்களுக்கு இங்க என்னா இருக்கு, குதிரயும் செத்துப்போச்சு. பேசாம அங்கயே இருங்க."

இல்லைப்பா, வருகிறோம் என்று அண்ணன் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"சரிப்பா" என்றான் அண்ணன். அந்தக் குரலில் ஒரு பாரம் இறங்கியது எனக்கு நன்றாகக் கேட்டது. "பெறகு பாப்போம்."

தங்கச்சிக்கும் அதையே சொன்னார். அவளும் சரி என்றாள். போனை மேசையில் வைத்துவிட்டு அப்பா அடுப்படிக்கு வந்து பலகையில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு திருப்தி இருந்தது, யாருக்கோ ஓர் உதவி செய்துவிட்டு வந்தவர் மாதிரி.

"பாவம் அவங்க. வர ஏலாதுன்னு சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. நானே சொல்லிட்டேன்" என்றார். "இனி இங்க வந்து என்னத்தப் பாக்கப் போறாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. "ஒங்களப் பாக்கத்தாம்பா வரணும். ஒங்களப் பாக்க" என்று கத்தினேன்.

"என்னயப் பாக்கவா?" என்று அப்பா கேட்டார். பிறகு சிரித்தார். நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டார். "இவ சொல்றதக் கேட்டியா?" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லி, இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.